கடற்பஞ்சும் நாற்பதாண்டுப் பதிவேடும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரத்தில் உள்ள சரசோட்டா விரிகுடாவில் 1950இல் ஒரு பெண் டால்பின் பிறந்தது. ஆய்வாளர்கள் பின்னாளில் அதற்கு நிக்லோ என்று பெயர் வைத்தார்கள். ராண்டல் வெல்ஸ் என்ற பள்ளி மாணவர், 1970இல் தம் பதினாறாம் வயதில், அந்த விரிகுடாவின் டால்பின்களுக்கு அடையாள வில்லை பொருத்தும் வேலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது நிக்லோவுக்கு இருபது வயது. 1984இல் அதன் பல் ஒன்றை எடுத்து, உள்ளே ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்திருந்த அடுக்குகளை எண்ணி வயதைக் கண்டுபிடித்தார்கள். 2017இல் கடைசியாகக் கண்ணில் பட்டபோது நிக்லோவுக்கு 67 வயது. வெல்ஸ் அதற்குள் முனைவர் பட்டம் பெற்று, அதே விரிகுடாவின் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைவராகி, தலை நரைத்திருந்தார்.

தன்னைவிட மூத்த விலங்கைத் தன் பணிக்காலம் முழுக்கப் பின்தொடரும் வாய்ப்பு விலங்கியலில் அரிது. எலியை ஆராய்பவர் ஓர் ஆண்டுக்குள் பல தலைமுறைகளைப் பார்த்துவிடுவார். டால்பினை ஆராய்பவருக்குத் தம் பணிக்காலத்தில் ஒரு தாயின் வாழ்க்கைகூட முழுதாகக் கிடைப்பதில்லை. கடலில் தன்போக்கில் வாழும் டால்பின்களின் நடத்தை பற்றி இன்று நம்மிடம் உள்ள மிகச் சிறந்த அறிவு, ஒரே இடத்தில், அதே விலங்குகளை, ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் குறித்துவந்தவர்களிடமிருந்து வந்தது. பல்கலைக்கழகங்கள் ஓர் ஆய்வாளருக்கு வகுத்துவைத்திருக்கும் பாதையோ இப்படிப்பட்ட உழைப்புக்குத் தோதானது இல்லை. அந்தப் பாதையோடு மல்லுக்கட்டித்தான் சிலர் இதைச் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின் இயல்பு நம் வாசகர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1960களில் டால்பின் ஆய்வு என்றால் தொட்டிதான். ஜான் லில்லி என்ற மருத்துவர், டால்பின்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தர முடியும் என்று நம்பி, கரீபியன் தீவு ஒன்றில் வெள்ளம் நிரப்பிய வீட்டில் ஒரு பெண்ணையும் ஒரு டால்பினையும் சேர்த்துக் குடிவைத்துப் பார்த்தார். செய்தித்தாள்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. அறிவியலுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். தொட்டி ஆய்வு முழுவதையும் நான் ஒதுக்கவில்லை. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை ஒன்று உண்டு என்பதை 1965இல் கால்ட்வெல் தம்பதியர் கண்டறிந்தது, பிடித்து அடைத்த விலங்குகளிடம்தான். ஆனால் தொட்டிக்குள் இருக்கும் விலங்குக்கு ஊர் இல்லை, சுற்றம் இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. அந்தச் சீழ்க்கை எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு விடை கடலில்தான் இருந்தது.

கடலுக்குப் போனவர்களுக்கு முதலில் வந்த இடைஞ்சல் எளிமையானது: எது எந்த டால்பின்? மூச்சுவிட மேலே வந்து, முதுகைக் காட்டி, ஓரிரு வினாடிகளில் மறைந்துவிடும் விலங்கை மறுநாள் எப்படி அடையாளம் காண்பது? 1970களில் அர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவில் பெர்ன்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் இணையர் இதற்கு வழி கண்டார்கள். டால்பினின் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு மெல்லியது. சண்டையிலும் சுறாக் கடியிலும் கிழிந்து, அங்கங்கே வெட்டுவாய் விழுந்திருக்கும். வெட்டுகளின் இடமும் ஆழமும் எந்த இரு விலங்குக்கும் ஒன்றாக அமைவதில்லை. நிழற்படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். 1977இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு, உலகில் எந்தக் கரையோரத்திலும் டால்பின்களுக்கு ஆள்பெயர்ப் பட்டியல் தயாரிக்கலாம் என்றாயிற்று.

அப்படிப்பட்ட பட்டியல்களில் மிகவும் வளமானது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உருவானது. பெர்த் நகரிலிருந்து வடக்கே 800 கிலோமீட்டருக்கும் மேல் போகவேண்டும். ஒருபக்கம் சிவந்த மண்ணும் முட்புதரும். மறுபக்கம் தெளிந்த, ஆழம் குறைந்த கடல். அடியில் பல ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கடற்புல் வெளி. அங்கே மங்கி மியா என்ற சிறு கடற்கரையில் 1960களிலிருந்தே டால்பின்கள் சில கரைக்கு வந்து மீனவர்கள் கையிலிருந்து மீன் வாங்கித் தின்றுவந்தன. இதைக் கேள்விப்பட்டு 1982இல் கலிபோர்னியாவிலிருந்து ரிச்சர்ட் கானரும் ரேச்சல் ஸ்மோல்கரும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் அப்போது இளைஞர்கள். இங்குள்ள டால்பின் இந்திய–பசிபிக் குப்பிமூக்கு டால்பின். நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ள அதே இனம்.

ஜேனட் மான் அங்கே போய்ச் சேர்ந்தது 1988இல். இன்று வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் உயிரியலுக்கும் உளவியலுக்கும் பேராசிரியர். அவருடைய தொடக்கம் கடலில் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் எழுதியவற்றில், குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளிடம் தாய்மார் நடந்துகொள்ளும் விதம் பற்றிய ஆய்வும் உண்டு. தாய்க்கும் சேய்க்கும் இடையே கணத்துக்குக் கணம் என்ன நடக்கிறது என்று பார்க்கும் கண் அவருக்கு மனிதக் குழந்தைகளைப் பார்த்த காலத்திலேயே வாய்த்துவிட்டது. அந்தக் கண்ணோடு கடலுக்கு வந்தார் என்பதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நினைக்கிறேன்.

ஆய்வு முறையைக் குரங்கியலிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்கப் பாபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், நடத்தையைக் கவனிப்பவர் எப்படித் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்பதை 1974இல் ஒரு கட்டுரையில் காட்டியிருந்தார். கண்ணில் விறுவிறுப்பாகப் படுவதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், அந்த விலங்கு நாள் முழுக்கச் சண்டையும் கூடலுமாக இருப்பதாகத் தோன்றும். அதற்கு மாற்றாக ஒரே விலங்கைத் தேர்ந்து, குறித்த நேரம் முழுக்க அதை மட்டுமே தொடரவேண்டும். அது சும்மா மிதந்தாலும் குறிக்கவேண்டும். ஷார்க் விரிகுடாவில் இது இப்படி நடக்கும்: சிறு படகு, எஞ்சின் தணிந்த வேகத்தில். ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். நிமிடத்துக்கு நிமிடம் தாய் என்ன செய்கிறது, குட்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அருகில் வேறு யார் இருக்கிறார்கள், எப்போது முங்கியது, எப்போது மேலே வந்தது. மூன்று மணி நேரத்தில் எழுதிய தாள்களில் முக்கால்வாசி, ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கான சாட்சியாக இருக்கும். அந்த முக்கால்வாசி இல்லாமல் மீதிக் கால்வாசிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

கடற்பஞ்சின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரே கேள்வி நாற்பது ஆண்டுகளில் எப்படி ஆழமாகிக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1984இல் ஷார்க் விரிகுடாவில் முதன்முதலாக, மூக்கில் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு திரியும் டால்பின் கண்ணில் பட்டது. அது கடற்பஞ்சு என்பது பிறகு தெரிந்தது. கடலடியில் வளரும் கூம்பு வடிவப் பஞ்சு உயிரியைப் பிய்த்து, டால்பின் தன் நீண்ட மூக்கில் கையுறை போல மாட்டிக்கொள்கிறது. ஆழமான கால்வாய்ப் பகுதிகளுக்குப் போய், சிப்பியும் கல்லும் சிதறிக் கிடக்கும் அடித்தரையை அந்த மூக்கால் கிளறிக்கொண்டே போகிறது. மணலுக்குள் பதுங்கியிருந்த மீன் கலைந்து ஓடியதும் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு மீனைப் பிடிக்கிறது. பிறகு அதே பஞ்சைத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக்கொள்கிறது. பஞ்சு நைந்துபோனால் புதியது ஒன்று. ஸ்மோல்கரும் மற்றவர்களும் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது 1997இல். தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். இன்றைக்கு ஒரு கைபேசிக் காணொளியோடு அன்று மாலையே உலகம் முழுக்கப் பரவியிருக்கும். அவர்களுடைய பொறுமை எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

அடுத்த கேள்வி, இதை யாரிடம் கற்கின்றன என்பது. மைக்கேல் க்ரூட்சன் குழுவினர் 2005இல் மரபணுச் சான்றோடு வந்தார்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, பஞ்சு ஏந்தும் டால்பின்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஏதோ ஒரு பெண் தொடங்கிவைத்து, மகளுக்கும் மகளின் மகளுக்கும் போயிருக்கவேண்டும். பிறவியிலேயே வரும் பழக்கம் என்றோ, அந்த இடத்தில் வாழ்ந்தாலே தானாக வந்துவிடும் என்றோ இதை விளக்கிவிட முடியாது என்றும், கடல்வாழ் பாலூட்டிகளில் பொருளைக் கையாளும் பண்பாட்டுக்கு இதுவே முதல் சான்று என்றும் அவர்கள் வாதிட்டார்கள். பண்பாடு என்ற சொல்லைக் கண்டதும் எதிர்ப்பும் வந்தது. வாழிடத்தின் தாக்கத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தாய் ஆழமான கால்வாயில் மேய்ந்தால் குட்டியும் அங்கேதான் வளரும். பஞ்சும் அங்கேதான் கிடைக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தாய்–சேய்ப் பதிவேடு கைகொடுத்தது. 2008இல் மானும் அவர் குழுவினரும் பஞ்சு ஏந்தும் பெண்களையும் ஏந்தாத பெண்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஏந்துபவை தனிமையில் அதிகம் வாழ்கின்றன. நீண்ட நேரம் முங்குகின்றன. இரை தேடுவதில் நாளின் பெரும்பகுதி போய்விடுகிறது. மனிதரைத் தவிர்த்து வேறெந்த விலங்கும் கருவியோடு இவ்வளவு நேரம் செலவிடுவதாகப் பதிவில்லை. இத்தனை பாடுபட்டும் குட்டி வளர்ப்பில் இவை மற்றப் பெண்களைவிடப் பின்தங்கவில்லை. ஆக, இது இழப்பும் இல்லை, தனிப்பெரும் ஆதாயமும் இல்லை. பிழைப்புக்கு இன்னொரு வழி. பெண் குட்டிகள் பெரும்பாலும் தாயின் வழியைப் பின்பற்றுகின்றன. ஆண் குட்டிகளில் குறைவாகவே அப்படிச் செய்கின்றன. ஒரே கால்வாயில், அதே தாயிடம் வளரும் மகனும் மகளும் வெவ்வேறு வழியில் போவதை வாழிடம் மட்டும் எப்படி விளக்கும்?

எரிக் பேட்டர்சனும் மானும் 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பஞ்சால் என்ன கிடைக்கிறது என்று அறிய, ஆய்வாளர்களே ஒரு கோலின் முனையில் கடற்பஞ்சைச் செருகிக்கொண்டு நீருக்குள் முங்கி, டால்பின் கிளறுவது போலவே அடித்தரையைக் கிளறிப் பார்த்தார்கள். மணலிலிருந்து அதிகம் கிளம்பி ஓடியது காற்றுப்பை இல்லாத ஒரு வகை மணல்மீன். இங்கேதான் விளக்கம் திறந்துகொண்டது. டால்பின் இரை தேடுவது எதிரொலியால். மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். காற்றுப்பை இல்லாத மீன் கல்லும் சிப்பியும் நிறைந்த தரைக்குள் பதுங்கினால் எதிரொலிக்கு அது கிட்டத்தட்ட இல்லாத மீன். ஆகவே மூக்கால் கிளறத்தான் வேண்டும், கிளறினால் மூக்கு கிழியும், அதற்குத்தான் பஞ்சு. மற்ற டால்பின்களுக்கு எட்டாத இரை இவற்றுக்கு எட்டுகிறது. இவற்றின் உணவு வேறு என்பதைக் கொழுப்புப் படலத்தின் வேதியியல் 2014இல் உறுதிசெய்தது.

2012இல் வந்த இன்னொரு கட்டுரை 22 ஆண்டுப் பதிவுகளிலிருந்து 36 பஞ்சு ஏந்திகளையும் 69 ஏந்தாதவற்றையும் எடுத்து, யார் யாரோடு பழகுகிறார்கள் என்று கணக்கிட்டது. பஞ்சு ஏந்துபவை பஞ்சு ஏந்துபவற்றோடுதான் அதிகம் சேர்கின்றன. வேட்டை தனியாகத்தான் நடக்கிறது. ஆனாலும் ஓய்வு நேரத்தில் ஒத்த தொழில்காரர்களின் துணை வேண்டியிருக்கிறது. 2016இல், இந்தத் திறமை நடுவயதில்தான் உச்சத்தைத் தொடுகிறது என்று காட்டினார்கள். குட்டிப் பருவத்தில் தொடங்கியதை டால்பின் இருபது வயதைத் தாண்டியும் மெருகேற்றிக்கொண்டே இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டுமானால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்தக் குட்டியைக் குறித்து வைத்திருக்கவேண்டும். அப்போது இந்தக் கேள்வி யார் மனத்திலும் இருந்திருக்காது. இதற்கு மாற்று வழியே கிடையாது.

2025இல் எலன் ஜேக்கப்ஸ் என்ற இளம் ஆய்வாளரும் மானும் சேர்ந்து வெளியிட்டது, இதுவரை யாரும் கவனிக்காத ஒரு விலையைக் காட்டியது. டால்பினின் எதிரொலிக் கருவியின் முன்பகுதியைப் பஞ்சு மறைக்கிறது. வெளியே போகும் ஒலியைத் திரிக்கிறது. ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு விதமாகத் திரிக்கிறது. புதுப் பஞ்சு எடுக்கும்போதெல்லாம் திரிந்த ஒலியை வைத்துக்கொண்டே உலகைப் புரிந்துகொள்ளப் பழகவேண்டும். ஷார்க் விரிகுடாவின் டால்பின்களில் இருபதில் ஒன்று மட்டுமே ஏன் பஞ்சு ஏந்துகிறது, ஏன் தாயோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த குட்டியால் மட்டுமே கற்க முடிகிறது என்பதற்கு இது ஒரு நல்ல விடை. 1984இல் பார்த்ததற்கு 2025இல் விளக்கம்.

மானின் மையமான அக்கறை இதற்கும் முந்தையது: குட்டிகள் ஏன் சாகின்றன? 2000ஆம் ஆண்டில் அவரும் மூவரும் வெளியிட்ட கணக்குப்படி, ஷார்க் விரிகுடாவில் பிறக்கும் குட்டிகளில் 44 விழுக்காடு மூன்று வயதுக்குள் இறந்துவிடுகின்றன. புலிச்சுறாக்கள் மலிந்த கடல் அது. வளர்ந்த டால்பின்களிலேயே நான்கில் மூன்றின் உடலில் சுறாக் கடித் தழும்பு உண்டு. ஆழம் குறைந்த பகுதியில் வாழும் தாய்களின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. அதே கட்டுரையில் சங்கடமான இன்னோர் உண்மையும் இருந்தது. மங்கி மியா கரையில் மனிதர் கையால் மீன் வாங்கித் தின்ற தாய்களின் குட்டிகள், கடலிலேயே மேய்ந்த தாய்களின் குட்டிகளைவிட அதிகமாக இறந்தன. தாய் கரையோரம் கையேந்தி நிற்கும் நேரமெல்லாம் குட்டி தனியாக இருக்கிறது; பால் குடிப்பது தடைப்படுகிறது; சுறாவைப் பற்றிய எச்சரிக்கை குறைகிறது.

அந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவதே டால்பினுக்கு மீன் கொடுக்கத்தான். வருமானம் அதில்தான். அங்கேயே தங்கி, அந்தக் கரையையே நம்பி ஆய்வு நடத்துபவர்கள் இதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். எழுதினார்கள். குட்டிகளின் சாவு தெரியவந்தபின், அந்தக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே, மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1990களின் நடுவில் விதிகளை இறுக்கியது. குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், காலை வேளையில் மட்டும், அவற்றின் அன்றாடத் தேவையில் சிறு பங்கு மட்டும். அதன்பின் அந்தத் தாய்களின் குட்டிகள் பிழைப்பது கூடியது. விலங்கு நடத்தை ஆய்வால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்த ஒரு மாற்றத்தை நினைத்துப் பார்க்கலாம்.

குட்டியின் முதல் வேட்டை பார்க்க அழகானது. சில மாதக் குட்டி மல்லாந்து, வயிறு மேலே தெரிய நீந்திக்கொண்டு, விரற்கடை அளவு மீனை நீர்ப்பரப்புவரை துரத்திப்போகிறது. மேலே காற்று, கீழே வாய், மீனுக்குப் போக்கிடம் இல்லை. அந்த மீனால் வயிறு நிறையாது. மூன்று நான்கு ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல், பால்தான் சோறு. தாய் ஆழத்துக்கு முங்கும்போது குட்டி நூறு மீட்டர் தள்ளிப்போய் மற்றக் குட்டிகளோடு விளையாடிவிட்டு, சீழ்க்கை அடித்துக்கொண்டே திரும்பிவருகிறது. தாய் மூப்படைய மூப்படையக் குட்டி பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது என்றும், அப்படியிருந்தும் மூத்த தாய்கள் கடைசிக் குட்டிகளுக்கு நீண்டகாலம் பால் கொடுக்கின்றன என்றும் 2018இல் மானின் மாணவி கெய்ட்லின் கார்னிஸ்கி முதலானோர் எழுதினார்கள். அதற்குத் தேவைப்பட்டது 34 ஆண்டுப் பதிவு. அந்தப் பதிவின் முதல் தாள்களை எழுதியவர்கள் வேறு. முடிவை எழுதியவர்கள் வேறு.

ஆண்களின் அரசியலைக் கானர் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணை வளைத்து உடன்வைத்திருக்கும். இத்தகைய சிறு கூட்டணிகள் பல சேர்ந்து பெரிய கூட்டணியாகி, எதிராளியிடமிருந்து பெண்ணைப் பறிக்கவோ காக்கவோ உதவிக்கு வரும். 1992இல் இந்த இரண்டு அடுக்கையும் எழுதினார். பிறகு மூன்றாம் அடுக்கும் தெரியவந்தது. 2022இல் 121 ஆண்களின் உறவுகளைக் கணக்கிட்டு, மனிதருக்கு வெளியே அறியப்பட்ட மிகப் பெரிய பல்லடுக்குக் கூட்டணி வலை இதுவே என்று அவருடைய குழு அறிவித்தது. ஸ்டெஃபனி கிங் தலைமையில் நடந்த ஒலி ஆய்வுகள், இந்த ஆண்கள் நட்பு இறுகிய பிறகும் தம் தனிச் சீழ்க்கையை விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பதையும், கூட்டாளியின் சீழ்க்கை ஒலித்தால் உடனே திரும்புவதையும் காட்டின.

சீழ்க்கை பற்றிய அறிவில் சரசோட்டா விரிகுடாவின் பங்கு பெரிது. அங்கே உடல்நலப் பரிசோதனைக்காக டால்பின்களைச் சிறிது நேரம் வலையில் நிறுத்தி விடுவிப்பார்கள். அப்போது தலையில் உறிஞ்சி ஒட்டும் ஒலிவாங்கி வைத்துக் குரலைப் பதிவுசெய்வார்கள். அதே விலங்கின் குரல் பத்தாண்டு, இருபதாண்டு இடைவெளியில் மறுபடி மறுபடி கிடைக்கிறது. 34 ஆண்டுகளில் சேர்ந்த அத்தகைய பதிவுகளைக் கொண்டு லேலா சேய் குழுவினர் 2023இல் ஒன்றைச் சொன்னார்கள்: குட்டி அருகில் இருக்கும்போது தாய் தன் சீழ்க்கையின் உச்சத்தை உயர்த்தி, ஏற்ற இறக்கத்தை விரிக்கிறது. ஆய்வில் இருந்த 19 தாய்களும் அப்படியே. நம் வீடுகளில் கைக்குழந்தையிடம் பேசும்போது குரல் தானாக ஏறிக் குழைவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இனி இதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டிய பணிவாழ்க்கையைப் பார்க்கலாம். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள். அதற்குள் ஒரு தாய் ஒரு குட்டியை வளர்த்து முடிப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆய்வுநிதி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே வழங்கப்படும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ செய்யப்போவதாக விண்ணப்பத்தில் காட்டவேண்டும். முப்பது ஆண்டுகளாகச் செய்ததையே முப்பத்தோராவது ஆண்டும் செய்யப்போகிறோம் என்று நேர்மையாக எழுதினால் நிதி கிடைப்பது கடினம். பணி நிரந்தரமாகக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். கடற்பஞ்சு பதின்மூன்று ஆண்டு கேட்கிறது. இந்த நெருக்கடிக்கு ஷார்க் விரிகுடாக்காரர்கள் கண்ட வழி, பொறுப்பைப் பல கைகளில் பிரித்துக்கொண்டதுதான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் என்று வெவ்வேறு நாட்டுக் குழுக்கள் அதே விலங்குகளை வெவ்வேறு கேள்விகளோடு பின்தொடர்கின்றன. அடையாளப் பட்டியல் ஒன்றோடொன்று இணைகிறது. ஒருவருக்கு நிதி நின்றாலும் விலங்கு பட்டியலிலிருந்து விழுந்துவிடாது. மாணவர்கள் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள், அதிலிருந்தே தம் ஆய்வேட்டை எழுதுகிறார்கள், போகும்போது தம் பங்குக்குச் சில ஆயிரம் தாள்களைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள்.

இது வளமான நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆடம்பரம் என்று ஒருவர் சொல்லலாம். 2011இல் மேற்கு ஆஸ்திரேலியக் கடலை வெப்ப அலை தாக்கியது. ஷார்க் விரிகுடாவின் கடற்புல் வெளியில் கணிசமான பகுதி சேதமடைந்தது. டால்பின்கள் பிழைத்திருக்கும் விகிதம் 12 விழுக்காடு சரிந்தது என்றும், பஞ்சு ஏந்துபவற்றுக்குப் பாதிப்புக் குறைவு என்றும் 2019இல் சோன்யா வைல்ட் முதலானோர் நிறுவினார்கள். முந்தைய ஆண்டுகளில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தச் சரிவு யாருக்கும் தெரிந்தே இருக்காது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபின், லூசியானாவின் பரட்டாரியா விரிகுடாவில் கருவுற்ற டால்பின்களில் ஐந்தில் ஒன்று மட்டுமே உயிருள்ள குட்டியைப் பெற்று வளர்த்தது. அது எவ்வளவு மோசமானது என்று ஒப்பிட்டுச் சொல்ல, சரசோட்டாவில் நலமாக இருந்த டால்பின்களின் பதிவு கையில் இருந்தது. கேடு நேர்ந்த பிறகு பதிவேட்டைத் தொடங்க முடியாது.

இந்தியாவில் கங்கை டால்பினுக்காக பாட்னா பல்கலைக்கழகத்தின் ரவீந்திர குமார் சின்ஹா 1980களிலிருந்து உழைத்தார். அந்த விலங்கு தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கங்கை டால்பினுக்கு முதுகுத் துடுப்பு என்று சொல்லத்தக்கது கிடையாது, தாழ்ந்த மேடு மட்டுமே, நீரோ கலங்கல், மேலே வந்து மறைய ஒரு வினாடி. ஆள் ஆளாக அடையாளம் காணும் வூர்சிக் வழி அங்கே எடுபடாது. எத்தனை இருக்கின்றன என்று எண்ண முடிகிறது. எந்தத் தாயின் எந்தக் குட்டி என்று சொல்ல வழியில்லை. மன்னார் வளைகுடாவின் குப்பிமூக்கு டால்பினுக்கு அந்தத் தடை இல்லை. அதன் துடுப்பு ஷார்க் விரிகுடா டால்பினின் துடுப்பைப் போன்றதே. ஒரு பல்கலைக்கழகத் துறை இருபது ஆண்டுக்கு ஒப்புக்கொண்டு, ஒரு படகையும் ஒரு கேமராவையும் இரண்டு மாணவர்களையும் தொடர்ந்து அனுப்பிவைத்தால் இது நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். கருவி வாங்கப் பணம் கேட்பதைவிட, இருபது ஆண்டு என்ற சொல்லுக்கு ஒப்புதல் வாங்குவதுதான் கடினம்.

மான் 2015இல், ஷார்க் விரிகுடாவில் கால் நூற்றாண்டைத் தாண்டியபின், தம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கு அருகிலேயே, பொடோமாக் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் பகுதியில், புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்கினார். அங்கே அத்தனை டால்பின்கள் வந்துபோகின்றன என்று அதுவரை பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை; இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை துடுப்பால் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு டால்பின் குட்டி ஈன்றதை அவருடைய குழு நேரில் பார்த்தது. கடலில் வாழும் டால்பினின் பிறப்பைக் கண்ணால் கண்டவர்கள் உலகில் மிகச் சிலரே. அந்தக் குட்டி பிழைத்து, பெண்ணாகவும் இருந்தால், அது தாயாவதைக் குறிப்பதற்கு 2030களில் அந்தப் படகில் யாராவது இருக்கவேண்டும்.